வராதவர் பங்கு

கி.பி. 155 வாக்கில் ரோம் நகரிலிருந்து ஒருவர் பேரரசருக்கு நீண்ட விண்ணப்பம் ஒன்று எழுதினார். பெயர் ஜஸ்டின். இன்று நாப்லுஸ் எனப்படும் பாலஸ்தீன ஊரில் பிறந்தவர். தத்துவ ஆசான்கள் ஒவ்வொருவரிடமாகப் போய்ப் படித்து, எதிலும் நிறைவு காணாமல், கடைசியில் கிறிஸ்தவரானவர். கிறிஸ்தவர்கள் நரமாமிசம் தின்கிறார்கள், இருட்டில் கூடி ஒழுக்கக்கேடு செய்கிறார்கள் என்று ஊரெல்லாம் வதந்தி உலவிய காலம் அது. நாங்கள் கூடி என்னதான் செய்கிறோம் என்பதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன் என்று அந்தோனினுஸ் பியுஸ் பேரரசருக்கு அவர் எழுதினார். ஞாயிறு வழிபாடு எப்படி நடந்தது என்று நமக்குக் கிடைத்திருக்கும் முதல் முழுமையான வருணனை அந்த விண்ணப்பத்தில்தான் இருக்கிறது.

ஊரிலும் நாட்டுப்புறத்திலும் இருப்பவர்கள் ஓரிடத்தில் கூடுகிறார்கள். திருத்தூதர்களின் நினைவுக்குறிப்புகளோ இறைவாக்கினரின் எழுத்துகளோ நேரம் இருக்கும்வரை வாசிக்கப்படுகின்றன. தலைவர் போதிக்கிறார். எல்லாரும் எழுந்து நின்று ஜெபிக்கிறார்கள். அப்பமும் தண்ணீர் கலந்த திராட்சரசமும் வருகின்றன. தலைவர் நன்றி ஜெபம் சொல்ல, மக்கள் ஆமென் என்கிறார்கள். எல்லாரும் உண்கிறார்கள். பிறகு, அங்கே இல்லாதவர்களுக்கு உரிய பங்கைத் திருத்தொண்டர்கள் எடுத்துக்கொண்டு போகிறார்கள்.

இந்தக் கடைசிச் செய்தியை ஜஸ்டின் இரண்டு இடத்தில் சொல்கிறார். ஞானஸ்நானம் பெற்றவர்களின் முதல் நற்கருணையைப் பற்றிப் பேசும்போது ஒருமுறை, வாரந்தோறும் நடக்கும் வழிபாட்டைச் சொல்லும்போது இன்னொருமுறை. பேரரசருக்கு இந்த விவரம் எதற்கு? அவருக்குத் தேவையில்லைதான். ஆனால் ஜஸ்டினுக்கு அதைச் சொல்லாமல் வழிபாட்டைச் சொல்லி முடிக்க முடியவில்லை. வீட்டுக்கு வரும் நற்கருணையைப் பின்னாளில் இரக்கப்பட்டுச் சேர்த்த சலுகை என்று பலர் நினைக்கிறார்கள். எழுத்தில் பார்த்தால் வழிபாட்டின் முதல் வருணனையிலேயே அது இருக்கிறது. கல்யாண வீட்டில் பந்தி முடிந்த கையோடு, நடக்க முடியாத பாட்டிக்கு என்று தூக்குவாளியில் எடுத்து வைப்பார்களே, அந்த மாதிரி பந்தியோடு சேர்ந்த காரியமாகவே ஜஸ்டின் அதைச் சொல்கிறார்.

யார் வரவில்லை, ஏன் வரவில்லை என்று அவர் எழுதவில்லை. ஊகிப்பது கடினமில்லை. ஞாயிறு அன்று ரோமில் விடுமுறை கிடையாது. 321இல் கான்ஸ்டன்டைன் ஆணையிட்ட பிறகுதான் அது ஓய்வு நாளானது. அதுவரை அடிமைகள் எஜமான் விட்டால்தான் வெளியே வர முடியும். நோயாளிகள் உண்டு, சிறையில் கிடப்பவர்கள் உண்டு. அதே பத்தியில் அடுத்ததாகக் காணிக்கையைப் பற்றி வருகிறது: வசதி உள்ளவர்கள் கொடுப்பதைத் தலைவர் அநாதைகளுக்கும் விதவைகளுக்கும் நோயாளிகளுக்கும் கைதிகளுக்கும் வழிப்போக்கர்களுக்கும் செலவிடுகிறார். அப்பம் எடுத்துப்போனவர்களும் இந்தக் கதவுகளில் பலவற்றைத் தட்டியிருப்பார்கள் என்றே நான் நினைக்கிறேன். ஜஸ்டின் 165 வாக்கில் ரோமில் தலை வெட்டப்பட்டு இறந்தார்.

அடுத்து அலெக்சாந்திரியா. சுமார் 250. ஒவ்வொருவரும் தெய்வங்களுக்குப் பலியிட்டுச் சான்றிதழ் வாங்க வேண்டும் என்று தேசியுஸ் பேரரசர் ஆணையிட்டிருந்தார். செராப்பியோன் என்ற முதியவர் அதுவரை குறையில்லாமல் வாழ்ந்தவர். அந்தச் சோதனையில் பயந்து பலியிட்டுவிட்டார். பிறகு மன்னிப்புக் கேட்டு அழுதார், யாரும் செவிசாய்க்கவில்லை. நோயில் விழுந்து மூன்று நாள் பேச்சு மூச்சில்லாமல் கிடந்தார். நான்காம் நாள் கொஞ்சம் தெளிவு வந்தது. மகள் வயிற்றுப் பேரனை அருகே அழைத்து, இன்னும் எவ்வளவு நேரம் என்னைப் பிடித்து வைத்திருப்பீர்கள், குருவானவரைக் கூட்டி வா என்று அனுப்பினார். அதோடு பேச்சு மறுபடியும் நின்றுவிட்டது.

பையன் ஓடினான். இரவு நேரம். குருவானவரும் காய்ச்சலோ வேறு என்னவோ, படுக்கையில் இருந்தார், எழுந்து வர முடியவில்லை. ஆனால் சாகக் கிடப்பவர்கள் கேட்டால், அதிலும் முன்பே மன்றாடிக் கேட்டவர்களானால், மன்னிப்பு வழங்க வேண்டும் என்று ஆயர் தியோனிசியுஸ் சொல்லி வைத்திருந்தார். எனவே குருவானவர் நற்கருணையில் ஒரு சிறு துண்டை எடுத்துப் பையன் கையில் கொடுத்தார். இதை நனைத்துத் தாத்தாவின் வாயில் சொட்டு சொட்டாக விடு என்று சொல்லி அனுப்பினார். பையன் வீட்டுக்குள் நுழையும் முன்பே முதியவருக்கு மீண்டும் நினைவு வந்தது. வந்துவிட்டாயா, அவரால் வர முடியவில்லை போல, அவர் சொன்னபடி சீக்கிரம் செய்து என்னை அனுப்பி வை என்றாராம். பையன் நனைத்தான், வாயில் ஊற்றினான். அவர் கொஞ்சம் விழுங்கியதும் உயிர் பிரிந்தது.

இதை எழுதியவர் ஆயர் தியோனிசியுஸ்தான். அந்தியோக்கியா ஆயருக்கு அவர் எழுதிய கடிதத்தை யூசேபியுஸ் தம் திருச்சபை வரலாற்றில் எடுத்து வைத்ததால் நமக்கு வந்து சேர்ந்தது. நான் திரும்பத் திரும்பப் படித்த பக்கம் இது. இதில் ஒருவர்கூட இருக்க வேண்டிய இடத்தில் இல்லை. சபையிலிருந்து விலக்கப்பட்டவர் ஒருவர், வர முடியாத குரு ஒருவர், நடு இரவில் தெருவில் ஒரு சிறுவன். ஆயர் கேள்விப்பட்டு அந்தச் சிறுவனைக் கண்டிக்கவில்லை. கடவுள் அந்த முதியவரின் உயிரைப் பிடித்து வைத்திருந்ததே இதற்காகத்தான் என்று பெருமிதமாக எழுதுகிறார்.

வீட்டிலேயே வைத்திருந்து உண்பதும் அந்தக் காலத்தில் சாதாரணமாக இருந்தது. கார்த்தேஜில் தெர்த்துல்லியன் என்ற கிறிஸ்தவ எழுத்தாளர் 200ஐ ஒட்டி மனைவிக்கு எழுதிய நூலில், கிறிஸ்தவர் அல்லாத கணவனோடு வாழும் பெண்ணைப் பற்றிக் கவலைப்படுகிறார்: எந்த உணவுக்கும் முன்னால் நீ ரகசியமாக வாயில் போட்டுக்கொள்வது என்னவென்று அவனுக்கு எப்படித் தெரியும்? அதே ஊரில் அரை நூற்றாண்டுக்குப் பின் ஆயராயிருந்த சிப்ரியான், நற்கருணை வைத்திருந்த பெட்டியைத் தகுதியில்லாத கையால் திறக்கப்போன ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்கிறார். பெட்டியிலிருந்து நெருப்பு கிளம்பியதாம். அந்த அதிசயத்தை நம்பாதவர்களுக்கும் ஒரு விவரம் தெரிந்துவிடுகிறது: அந்தப் பெண்ணின் வீட்டில் அதற்கென்று ஒரு பெட்டி இருந்தது. சிறையில் இருப்போரிடம் போய்த் திருப்பலி நிறைவேற்றுவது பற்றியும் சிப்ரியான் நடைமுறை யோசனை சொன்னார். போகிற குருக்கள் மாறி மாறிப் போகட்டும், ஒவ்வொரு முறையும் கூடப் போகும் திருத்தொண்டரும் மாறட்டும், முகம் மாறினால் சந்தேகம் குறையும் என்று மறைவிடத்திலிருந்து எழுதினார்.

இதற்கெல்லாம் நியாயம் சொன்னவர் ஆயர் பசிலியார். 372இல் சேசாரியா என்ற பெண்மணிக்கு எழுதிய கடிதத்தில், குரு இல்லாத துன்புறுத்தல் காலத்தில் ஒருவர் தம் கையாலேயே நற்கருணை எடுத்துக்கொள்வது குற்றமில்லை என்கிறார். பாலைவனத்தில் தனித்து வாழும் துறவிகள் வைத்திருந்து உண்கிறார்கள், எகிப்தில் பொதுநிலையினரும் பெரும்பாலும் வீட்டில் வைத்திருக்கிறார்கள் என்று உதாரணமும் காட்டுகிறார். குருவின் கையிலிருந்து ஒருமுறை பெற்றதை நாளுக்குக் கொஞ்சமாக உண்டாலும் அது அவர் கையிலிருந்து பெறுவதுதான் என்பது அவர் வாதம். இந்த வாதத்தை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும், 2020இல் மறுபடியும் தேவைப்படும்.

பிறகு வீட்டுப் பெட்டி மெல்ல மறைந்தது. ஆலயத்தில் வாங்கி உண்ணாமல் எடுத்துச் செல்பவர்களை ஸ்பெயினில் 380இலும் 400இலும் கூடிய சங்கங்கள் கண்டித்தன. 1215இல் நான்காம் லாத்தரன் சங்கம் நற்கருணையைப் பூட்டி வைக்கச் சட்டம் போட்டது. ஆலயத்தில் நாம் பார்க்கும் பூட்டிய நற்கருணைப் பேழை பிற்காலத்தில் ஆராதனையின் மையமானது. முதலில் அது நோயாளிக்காக எடுத்து வைத்த இடம்தான். சாகிறவருக்குக் கடைசி வழியுணவு மறுக்கப்படக் கூடாது என்று 325இல் நிசேயா சங்கமே விதித்திருந்தது. ரோமில் ஆயர் இன்னொசென்ட் 416இல் எழுதிய கடிதம் இன்னொரு வழக்கத்தைக் காட்டுகிறது. ஞாயிறு அன்று தம் மக்களை விட்டு வர முடியாத நகரத்துக் குருக்களுக்கு, தாம் அர்ச்சித்த அப்பத்தில் ஒரு பகுதியை அனுப்புகிறார், அந்த நாளில் அவர்கள் தம்மைப் பிரிந்தவர்களாக நினைக்கக் கூடாது என்பதற்காக. கூடவே ஒரு எச்சரிக்கை: இதை வெகுதூரம் கொண்டுபோகக் கூடாது.

கொண்டுபோவது ஆபத்தான வேலையாகவும் இருந்தது. நற்கருணையை ஏந்திப் போனபோது கும்பலிடம் சிக்கி, அதை விட்டுக்கொடுக்காமல் அடிபட்டு இறந்த தர்சீசியுஸின் கல்லறைக்கு நான்காம் நூற்றாண்டில் ஆயர் தமாசுஸ் கவிதை பொறித்தார். நம் பங்குகளில் பீடச் சிறுவர்களுக்குப் பாதுகாவலராகச் சொல்லப்படுபவர் இவர்தான்.

தமிழ்நாட்டுக் கத்தோலிக்கப் பங்குகளில் முதல் வெள்ளிக்கிழமை என்றால் பல வீடுகளில் காலையிலேயே ஒரு சிறு மேசை தயாராகும். வெள்ளைத் துணி, பாடுபட்ட சுரூபம், இரண்டு மெழுகுவர்த்தி, ஒரு டம்ளரில் தண்ணீர், ஒரு கரண்டி. சாமியார் சட்டைப்பை அளவே உள்ள உலோகச் சிமிழை ஒரு துணிப்பையில் போட்டுக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு வருவார். வழியில் யாரோடும் நின்று பேச மாட்டார். படுத்திருக்கும் அம்மாவை மகள் தலையணை வைத்து நிமிர்த்துவாள். விழுங்க முடியாதவர் என்றால் அப்பத்தில் நகக்கண் அளவு கிள்ளி, கரண்டித் தண்ணீரோடு கொடுப்பார். அலெக்சாந்திரியாக் குரு அந்தப் பையனிடம் சொன்ன அதே முறைதான். ஜெபத்தின் பாதி அந்த அம்மாவுக்கு மறந்து போயிருக்கும், பரலோக மந்திரம் மட்டும் தவறாது.

சீர்திருத்த சபைகள் வேறு வழியில் போயின. ஆங்கிலிக்கன் ஜெபப் புத்தகம் நற்கருணையை எடுத்து வைப்பதை விட்டுவிட்டு, நோயாளியின் வீட்டிலேயே ஆராதனை நடத்தச் சொன்னது. குருவும் நோயாளியும் மட்டும் போதாது, அக்கம்பக்கத்தில் இரண்டு மூன்று பேராவது சேர்ந்து பந்தியில் பங்குகொள்ள வேண்டும். அதிலும் ஒரு விதிவிலக்கு வைத்தார்கள். கொள்ளைநோய் காலத்தில் தொற்றுக்குப் பயந்து யாருமே வர மறுத்தால், நோயாளி கேட்டுக்கொண்டால், குரு ஒருவரே அவரோடு பங்குகொள்ளலாம். வாயால் பெறவே முடியாத நிலையில் இருப்பவர் மனதார நம்பி நன்றி சொன்னாலே பெற்றதாகும் என்றும் எழுதினார்கள். தென்னிந்தியத் திருச்சபைக்கு 1947இல் முதுசொமாக வந்தவற்றில் இந்த மரபும் ஒன்று.

மிலானில் 1576இல் கொள்ளைநோய் வந்து வீட்டைவிட்டு யாரும் வெளியே வரக் கூடாது என்றானபோது, பேராயர் சார்லஸ் பொரோமேயோ ஆலயத்தைத் தெருவுக்குக் கொண்டுவந்தார். தெருச் சந்திகளில் பீடங்கள் அமைத்து, மக்கள் சன்னலில் நின்று திருப்பலி பார்க்க ஏற்பாடு செய்தார்.

யாழ்ப்பாணத்துக் கதை இதைவிடக் கடினமானது. 1658இல் டச்சுக்காரர் கோட்டையைப் பிடித்ததும் கத்தோலிக்கக் குருக்களை வெளியேற்றினார்கள், அவர்களை ஒளித்து வைப்பவர்களுக்குக் கடும் தண்டனை அறிவித்தார்கள். மக்கள் சீர்திருத்த சபைப் பள்ளிக்கூடங்களுக்கும் ஆராதனைக்கும் போக வேண்டும் என்றானது. ஏறக்குறைய 29 ஆண்டுகள் திருப்பலி கிடையாது, நற்கருணை கிடையாது. மூப்பரும் அண்ணாவியும் முன்னின்று சொன்ன ஜெபங்களும் செபமாலையும்தான் மிச்சம். ஒரு தலைமுறை முழுக்க அப்பத்தைக் கண்ணால் பார்க்காமலே வளர்ந்தது. 1687இல் கோவாவிலிருந்து தூத்துக்குடி வழியாக, மன்னாரில் ஒதுங்கி, யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தார் யோசேவ் வாஸ் அடிகள். பிச்சைக்காரர் கோலம். வயிற்றுக்கடுப்பு நோயால் மெலிந்த உடம்பு. கழுத்தில் செபமாலை போட்டுக்கொண்டு வீடு வீடாகப் பிச்சை கேட்டார். அதைப் பார்த்து யார் முகத்தில் மாற்றம் தெரிகிறதோ அவர்கள் நம்மவர்கள் என்று கண்டுகொள்வதுதான் அவர் வழி. பண்டத்தரிப்பை அடுத்த சில்லாலையில் தங்கி, இரவில் ஒவ்வொரு வீடாக மாறி மாறித் திருப்பலி நிறைவேற்றினார். ஒரு கிறிஸ்து பிறப்பு இரவில் டச்சுப் படை வந்து கூடியிருந்தவர்களைப் பிடித்துச் சென்றது. அவர் மட்டும் சிக்கவில்லை. 1711இல் கண்டியில் இறந்த அவரை 2015 ஜனவரி 14 அன்று கொழும்பில் போப் பிரான்சிஸ் புனிதராக அறிவித்தார். 29 ஆண்டு வறட்சிக்குப் பின் சில்லாலையில் முதல் முறை அப்பம் வாங்கியவர்களை நினைக்கும்போது எனக்கு நெஞ்சு நிறைந்துபோகிறது. அதில் சிலருக்குச் சிறுவயது நினைவு இருந்திருக்கும். மற்றவர்களுக்கு அப்பா சொன்ன கதை மட்டும்தான்.

வியட்நாமிலும் இதையொத்த ஒன்று நடந்தது. ஆயர் நுயென் வான் துவான் 1975 ஆகஸ்ட் 15 அன்று கைதாகி 13 ஆண்டுகள் சிறையிலும் முகாமிலும் கழித்தார், அதில் 9 ஆண்டுகள் தனிமைச் சிறை. வீட்டிலிருந்து சாமான் வரவழைத்துக்கொள்ள அனுமதி கிடைத்ததும், வயிற்றுவலிக்கு மருந்தாகக் கொஞ்சம் திராட்சரசம் அனுப்புங்கள் என்று எழுதினார். வெளியே இருந்தவர்களுக்குப் புரிந்தது. வயிற்றுவலி மருந்து என்று சீட்டு ஒட்டிய சிறு புட்டியும், டார்ச் விளக்குக்குள் மறைத்து வைத்த அப்பங்களும் வந்தன. உள்ளங்கையில் மூன்று சொட்டு திராட்சரசம், ஒரு சொட்டு தண்ணீர். அதுதான் திருப்பலி. முகாமில் 50 பேர் ஒரே பெரிய கட்டிலில், ஆளுக்கு அரை மீட்டர் இடம். கத்தோலிக்கர் ஐந்து பேர் அவர் பக்கத்தில் படுக்கும்படி சொல்லி வைத்துக்கொண்டார்கள். இரவு விளக்கணைந்ததும் அவர் குனிந்து மனப்பாடமாகத் திருப்பலி சொல்லி, கொசுவலைக்கு அடியில் கை நீட்டி நற்கருணை கொடுத்தார். சிகரெட் பாக்கெட் தாளில் சின்னச் சின்னப் பைகள் செய்து மீதியை அதில் வைத்தார்கள். வாராவாரம் நடந்த அரசியல் வகுப்பின் இடைவேளையில் அந்தப் பைகள் மற்ற குழுக்களுக்குக் கைமாறின. 2000இல் வத்திக்கான் அதிகாரிகளுக்கு அவர் கொடுத்த தியான உரைகளில் இதையெல்லாம் சொன்னார்.

வெகுதூரம் கொண்டுபோகக் கூடாது என்று இன்னொசென்ட் சொன்னாரே, அந்தத் தூரம் 1969 ஜூலை 20 அன்று 3,84,000 கி.மீ. ஆனது. நிலவில் இறங்கிய சில மணி நேரத்தில், வெளியே காலடி வைக்கும் முன்பு, பஸ் ஆல்ட்ரின் வானொலியில் சற்று நேரம் அமைதி கேட்டுவிட்டு, டெக்சாஸ் மாநிலம் வெப்ஸ்டரில் தாம் மூப்பராயிருந்த பிரஸ்பிட்டேரியன் சபையின் அனுமதியோடு கொண்டுவந்திருந்த அப்பத்தையும் ரசத்தையும் உட்கொண்டார். அவர் பயன்படுத்திய சிறு கிண்ணம் அந்தச் சபையிடமே திரும்பி வந்தது.

2020 மார்ச்சில் கொரோனாத் தொற்றால் எல்லாரும் வராதவர்கள் ஆனோம். தவக்காலத்தின் நடுவில் கதவு மூடியது. பெரிய வியாழன் ஏப்ரல் 9 அன்று, இயேசு சீடரோடு உண்ட இரவை நினைவுகூரும் நாளில், ஆலயங்களில் ஆள் இல்லை. வத்திக்கானில் போப் பிரான்சிஸ் சாந்தா மார்த்தா சிற்றாலயத்துத் திருப்பலியை மார்ச் 9 முதல் நாள்தோறும் ஒளிபரப்பச் செய்து, பார்ப்பவர்களை ஆன்மிக நற்கருணை ஜெபம் சொல்லச் சொன்னார். மனதால் பெறுவது என்ற அந்த எண்ணம் பழையது, 18ஆம் நூற்றாண்டில் அல்போன்ஸ் லிகோரி அதற்கெனத் தனி ஜெபமே எழுதியிருந்தார். அமெரிக்கப் பிரஸ்பிட்டேரியன் சபை மார்ச் 24 அன்று, அவசர காலத்தில் இணையம் வழியே திருவிருந்து நடத்தலாம் என்றது. இங்கிலாந்துத் திருச்சபை ஆயர்கள் ஒத்துக்கொள்ளவில்லை. திரைக்கு முன்னால் அப்பம் வைத்து அர்ச்சிப்பு பெற முடியாது என்றார்கள். பிரிட்டிஷ் மெதடிஸ்டுகள் 2021இல் சில ஆண்டுகளுக்குச் சோதனையாக அனுமதித்தார்கள். தமிழ்நாட்டில் சுயாதீன சபைகள் பல, வீட்டில் அப்பமும் திராட்சைச் சாறும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி யூடியூபிலும் ஜூமிலும் திருவிருந்து நடத்தின.

எதிர்த்தவர்கள் எல்லாரும் பழமைவாதிகளும் இல்லை, ஆதரித்தவர்கள் எல்லாரும் அவசரக்காரர்களும் இல்லை. பசிலியார் தம் கையால் எடுத்துக்கொள்வதை அனுமதித்தாரே, பிறகென்ன என்று ஆதரிப்பவர்கள் கேட்டார்கள். ஆனால் அவர் பேசிய அப்பம் முன்பே ஒரு சபையின் நடுவே அர்ச்சிக்கப்பட்டு, ஒரு குருவின் கையிலிருந்து வந்தது. திரை வழியே நடப்பதில் அப்பம் கடையில் வாங்கியது, மேசை அவரவர் வீட்டு மேசை. பந்தியை வெளியே எடுத்துப் போவது ஒன்று, பந்தியையே பல இடத்தில் போடுவது இன்னொன்று. இரண்டாவது செல்லாது என்று சொல்ல எனக்குத் தகுதியில்லை. என் மனம் முதலாவதின் பக்கம்தான் சாய்கிறது. காரணம் எளிது. ஜஸ்டின் காலத்திலிருந்து யாழ்ப்பாணம்வரை வராதவரைத் தேடி ஓர் ஆள் போயிருக்கிறார். அவர் கதவைத் தட்டுகிறார், காய்ச்சல் எப்படி என்று கேட்கிறார், வீட்டில் அரிசி இருக்கிறதா என்று அவர் கண் பார்க்கிறது. திரையில் அந்த ஆள் இல்லை. 2020இல் அந்த ஆளாகப் போனவர்கள் விலை கொடுத்தார்கள். தொற்றின் முதல் அலையில் இத்தாலியில் மட்டும் நூற்றுக்கும் மேற்பட்ட குருக்கள் இறந்தார்கள்.

கொண்டுபோக இன்று குருவே வேண்டும் என்பதில்லை. 1973 ஜனவரியில் ரோம் வெளியிட்ட ஆணை, தேவைப்படும் இடத்தில் பொதுநிலையினரும் நற்கருணை எடுத்துச் செல்ல வழி திறந்தது. பெண்களும் இதில் அடக்கம். பல பங்குகளில் ஞாயிறு பூசை முடிந்ததும் கன்னியரும் இல்லறத்தாருமாகச் சிலர் பீடத்தருகே வந்து சிமிழை வாங்கிக்கொண்டு கிளம்புகிறார்கள். எந்தத் தெருவுக்கு யார், எந்த வீட்டில் யார் படுக்கையில் என்று ஒரு நோட்டில் எழுதி வைத்திருப்பார்கள். யாராவது இறந்தால் பெயரை அடிப்பார்கள், கால் ஒடிந்து புதிதாக யாராவது படுத்தால் சேர்ப்பார்கள். ஊரடங்கு வந்தபோது அப்படி ஒரு நோட்டு வைத்திருந்த பங்குகளுக்கு முதல் நாளே யாரைத் தொலைபேசியில் கூப்பிட வேண்டும் என்று தெரிந்திருந்தது. வைத்திராத பங்குகள் அதை எழுதுவதிலிருந்துதான் தொடங்க வேண்டியிருந்தது.